கொலுவுக்கு வந்த ரவிக்கைத் துணி... அம்மாவின் புடவை... ஒரே போர்வையில்!

நவராத்திரி முடிந்து, பொம்மைகளைப் பேப்பரில் சுற்றிப் பரணில் ஏற்றிய பிறகு, மயிலாப்பூர் வீடுகளில் கட்டில்மேல் ஒரு குவியல் மட்டும் மிச்சமிருக்கும். ஒன்பது நாளும் போன வீடுகளிலெல்லாம் வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமத்தோடு வைத்துக்கொடுத்த ரவிக்கைத் துணிகள்.

"இந்தக் கத்திரிப்பூ கலர் போன வருஷம் நாமதானே எதிர்வீட்டு மாமிக்குக் கொடுத்தோம்?" என்று யாராவது கேட்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். துணி மறுபடியும் பீரோவுக்குள் போகும். அடுத்த வரலட்சுமி விரதத்துக்கு வேறு வீட்டுக்குக் கிளம்பும். இப்போதெல்லாம் பெரும்பாலான புடவைகளுக்கு ரவிக்கைத் துணி புடவையோடேயே வந்துவிடுகிறது. பிறகு இவை எந்தப் புடவைக்குப் பொருந்தும்? தைக்கவும் முடியாது, சுமங்கலிக்குக் கொடுத்த துணி என்பதால் தூக்கிப்போடவும் மனசு வராது.

அதே பீரோவின் கீழ்த்தட்டில் இன்னொரு கட்டு இருக்கும். அம்மா கட்டிய பருத்திப் புடவைகள். அம்மா போய் வருடங்கள் ஆகியிருக்கும். கட்டிக்கொள்ள முடியாத அளவுக்கு நைந்திருக்கும். ஆனால், அந்தக் கட்டை அவிழ்த்து எடை போட்டுக் கொடுக்க எந்தப் பெண்ணாலும் முடிவதில்லை.

இந்த இரண்டு கட்டுகளுக்கும் சேர்த்து ஒரு வழி இருக்கிறது. ஒட்டுப்போர்வை. ஊரெல்லாம் 'பேட்ச்வொர்க் குவில்ட்' என்று சொல்வது இதைத்தான்.

'ஃபேட் குவார்ட்டர்' என்றால் என்ன?

குவில்ட் என்பது மூன்று அடுக்குப் போர்வை. மேலே, துண்டுகளை இணைத்துத் தைத்த மேல்துணி. நடுவே, பஞ்சோ பழந்துணியோ. அடியில், ஒரு முழுத்துணி. மூன்றையும் சேர்த்துப் பிடிக்கிற தையலுக்குத்தான் 'குவில்ட்டிங்' என்று பெயர்.

அமெரிக்காவில் இதற்கென்றே துணியை ஒரு தனி அளவில் விற்கிறார்கள். கால் கஜம் துணி கேட்டால், வழக்கமாக 9 அங்குல உயரத்தில் நீளமான பட்டையாகக் கிடைக்கும். அதற்குப் பதிலாக அரை கஜத்தை வெட்டி, அதை நடுவில் இரண்டாக்கினால், ஏறக்குறைய 18 அங்குலத்துக்கு 22 அங்குலம் என்று அகலமான துண்டு கிடைக்கும். பரப்பு ஒன்றுதான். ஆனால் பட்டையில் வெட்ட முடியாத பெரிய சதுரங்களை இதில் வெட்டலாம். இதன் பெயர்தான் ஃபேட் குவார்ட்டர். குண்டுக் கால்பங்கு என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

அதைக் காசு கொடுத்து வாங்கவேண்டிய அவசியம் நம் வீடுகளுக்கு இல்லை. 80 சென்டிமீட்டர் நீளம், ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு ரவிக்கைத் துணியை நான்காக வெட்டினால், ஒவ்வொன்றும் 40-க்கு 45 சென்டிமீட்டர். அதாவது, ஏறக்குறைய 16-க்கு 18 அங்குலம். ஃபேட் குவார்ட்டரைவிடக் கொஞ்சம் சின்னது, அவ்வளவுதான். மற்றவர்கள் கடையில் தேடி வாங்கும் அந்த 'கலர் கலர்' துண்டுகளை, நம் ஊரில் கொலுவுக்குக் கொலு ஓசியிலேயே கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

நமக்குப் புதுசில்லை

பெயர்தான் வெளிநாடு. வேலை நமக்குப் பழக்கமானது. பிள்ளை பெற்ற வீட்டில் முதலில் தேடுவது பழந்துணியைத்தான். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன வேட்டியும் புடவையும்தான் குழந்தைக்குத் தூளி; அதையே நாலாக மடித்து ஓரம் தைத்தால் படுக்கை. கடையில் வாங்கும் எந்தப் புதுத்துணிக்கும் அந்த மென்மை வராது.

பங்குனிப் பெருவிழாவில் கபாலீஸ்வரர் தேர் மாடவீதியைச் சுற்றிவரும்போது கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். உருளை உருளையாகத் தொங்கும் அலங்காரத் துணிகளுக்குத் தொம்பை என்று பெயர். பல நிறத் துணிகளை உருவங்களாக வெட்டி, இன்னொரு துணியின்மேல் வைத்துத் தைக்கும் ஒட்டுத்தையல் வேலை அது. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கைவினைஞர்கள் இதில் பேர்போனவர்கள்.

இன்னும் பின்னால் போனால், புத்த பிக்குகளின் காவியாடையே ஒட்டுத்துணிதான். மகத நாட்டின் வயல்களை வரப்புகளோடு பார்த்த புத்தர், அதே அமைப்பில் ஆடை தைக்கும்படி ஆனந்தரிடம் சொன்னதாக விநய நூல் கூறுகிறது. துண்டு துண்டாக வெட்டித் தைத்த துணியை யாரும் திருடி விற்க மாட்டார்கள் என்பதும் அதில் ஒரு வசதி.

வங்காளத்துக் காந்தா, பீகாரின் சுஜனி, மகாராஷ்டிரத்துக் கோதடி என்று இந்தியா முழுக்கப் பழந்துணிக்கு இப்படி மறுவாழ்வு இருக்கிறது. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்க வம்சாவளியைச் சேர்ந்த சித்தி சமூகப் பெண்கள் தைக்கும் 'கவந்தி' இன்னும் சுவாரஸ்யம். அவர்கள் முதலில் துண்டுகளை இணைத்துவிட்டுப் பிறகு தைப்பதில்லை. பழைய புடவையை விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, ஓரமாகவே சுற்றிச்சுற்றித் துண்டுகளை வைத்துத் தைத்தபடி நடுப்பகுதிக்கு வந்து முடிக்கிறார்கள். நான்கு மூலைகளிலும் சின்னதாக மடித்த துணிப்பூக்கள் வைத்தால்தான் போர்வை முழுமையடைந்ததாக அவர்களுக்குக் கணக்கு.

சென்னைக்கும் இதில் இடமுண்டு. 'குவில்ட் இந்தியா ஃபவுண்டேஷன்' நடத்திய முதல் 'இந்தியா குவில்ட் ஃபெஸ்டிவல்', 2019 ஜனவரியில் சென்னையில்தான் நடந்தது.

சாயம் போன 'மெட்ராஸ்'

இந்த ஊரின் பெயரிலேயே ஒரு துணி உண்டு. கட்டம் போட்ட கைத்தறிப் பருத்தித் துணியை உலகம் 'மெட்ராஸ்' என்றே அழைக்கிறது. 1960-களில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடையே, வெவ்வேறு மெட்ராஸ் கட்டங்களைத் துண்டுகளாக்கி இணைத்த 'பேட்ச் மெட்ராஸ்' கோட்டும் கால்சட்டையும் பெரிய ஃபேஷன்.

அதற்கு முன்னால் ஒரு ரகளை நடந்தது. பின்னாளில் லீலா ஹோட்டல்களைத் தொடங்கிய கேப்டன் சி.பி.கிருஷ்ணன் நாயர், 1950-களின் இறுதியில் இந்தத் துணியை அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்தார். குளிர்ந்த நீரில் பக்குவமாகத் துவைக்க வேண்டிய துணி. அந்த விவரம் வாங்கியவர்களுக்குப் போய்ச்சேரவில்லை. சட்டையைத் துவைத்தவர்களுக்கெல்லாம் சாயம் ஒன்றோடொன்று கலந்து ஓடியது. வழக்குவரை போகும் நிலை. கடைசியில், 'துவைக்கத் துவைக்க நிறம் மாறும் அதிசயத் துணி' என்று விளம்பரம் செய்து, குறையையே பெருமையாக்கி விற்றார்கள் என்பது நாயர் சொல்லிவந்த கதை.

அவர்களுக்கு அது லாபமாக முடிந்தது. உங்கள் போர்வைக்கு அப்படி முடியாது. ஒரே ஒரு சிவப்புத் துண்டு சாயம் விட்டால் பக்கத்திலிருக்கும் சந்தன நிறம் அத்தனையும் போச்சு. அதனால் கத்திரியைத் தொடும் முன்பே ஒவ்வொரு துணியையும் தனித்தனியாக நனைத்து அலசுங்கள். ஈரத்துணியின்மேல் ஒரு வெள்ளைத்துணியை வைத்து இஸ்திரி போட்டுப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால், மறுபடியும் அலசுங்கள். நாலைந்து அலசலுக்குப் பிறகும் ஏறினால், அந்தத் துணியைத் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள்.

அலசுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. சுருங்கவேண்டிய துணி முன்பே சுருங்கிவிடும். இல்லாவிட்டால், தைத்து முடித்து முதல் தடவை துவைக்கும்போது ஒரு துண்டு சுருங்கி, பக்கத்துத் துண்டு புடைத்துக்கொண்டு நிற்கும்.

பருத்தியா, பாலியஸ்டரா?

கொலுவுக்கு வரும் துணிகளில் சில நல்ல டூ பை டூ பருத்தி. பல, பாலியஸ்டர் கலந்தவை. தொட்டுப்பார்த்துத் தெரியாவிட்டால், ஓரத்திலிருந்து நாலு இழையை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் குழாய்ப் பக்கத்தில் வைத்துக் கொளுத்துங்கள். பருத்தி, காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். போர்வைக்குப் பருத்தியை மட்டும் எடுங்கள். மற்றவை பை தைக்க ஆகும்.

பட்டுத்துணியையும் இதில் சேர்க்க வேண்டாம். பட்டும் பருத்தியும் துவைப்பதில் ஒத்துப்போகாது. ஜரிகை உடம்பில் உறுத்தும். பட்டுத் துண்டுகளைச் சேர்த்துவைத்தால், இன்னொரு நாள் சுவரில் மாட்டும் அலங்காரத் துணியோ குஷன் உறையோ தைக்கலாம்.

வீட்டில் போதிய துணி இல்லையா? தெருமுனை டெய்லரிடம் கேட்டுப்பாருங்கள். ஒவ்வொரு ரவிக்கை வெட்டும்போதும் மிஞ்சும் துண்டுகள் அவர் கடையில் மூட்டையாகக் கிடக்கும். தி.நகர் ரங்கநாதன் தெருவுக்கும் பாண்டி பஜாருக்கும் போகிற வேலை இருந்தால் கட்பீஸ்களைப் புரட்டிப் பார்க்கலாம். ஆனால், முதல் போர்வைக்குப் பீரோவே போதும்.

முதல் போர்வைக்கு ஒரு கணக்கு

குழந்தைக்குப் போர்த்தும் அளவில், 36-க்கு 48 அங்குலத்தில் தொடங்குங்கள்.

12 ரவிக்கைத் துணிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் கால்பங்கு மட்டும் போதும். அந்தக் கால்பங்கில் ஆறரை அங்குலச் சதுரம் நான்கு வெட்டலாம். 12 துணிக்கு 48 சதுரங்கள். சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும் என்பதால், தைத்தபின் ஒவ்வொன்றும் 6 அங்குலம். வரிசைக்கு 6 சதுரம், மொத்தம் 8 வரிசை. கணக்கு சரியாக வரும். மீதி முக்கால் பங்குத் துணி அடுத்த போர்வைக்கு இருக்கவே இருக்கிறது.

அட்டையில் ஆறரை அங்குலச் சதுரம் ஒன்றைத் துல்லியமாக வெட்டி, அதை வைத்துப் பென்சிலால் வரைந்து வெட்டுங்கள். துணியின் இழை ஓடும் திசைக்கு நேராக வெட்டவேண்டும். குறுக்காக வெட்டினால் இழுபடும்.

வெட்டிய சதுரங்களைத் தரையில் பரப்பி அடுக்குங்கள். ஒரே நிறம் பக்கத்தில் பக்கத்தில் வராமல் மாற்றி மாற்றிப் பாருங்கள். இங்கே உங்கள் மொபைல் உதவும். அடுக்கியதை ஒரு போட்டோ எடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். அடர்நிறம் எல்லாம் ஒரே பக்கம் குவிந்திருந்தால் உடனே தெரிந்துவிடும். திருப்தியானதும் இன்னொரு போட்டோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். மின்விசிறிக் காற்றில் கலைந்தாலும், பேத்தி வந்து கலைத்தாலும் கவலையில்லை.

தைப்பதற்கு, பாட்டி காலத்துக் கால்மிதி மெஷினே தாராளம். ஊசியிலிருந்து சரியாகக் கால் அங்குலம் தள்ளி, மெஷின் தகட்டில் ஒரு டேப்பை ஒட்டிவிடுங்கள். துணியின் ஓரம் அந்த டேப்பைத் தொட்டபடியே போகட்டும். இதில் அலட்சியம் வேண்டாம். ஒவ்வொரு இணைப்பிலும் அரைக்கால் அங்குலம் கூடுதலாகப் பிடித்துத் தைத்தால், இரண்டு பக்கத் துணியிலுமாகக் கால் அங்குலம் காணாமல் போகும். 8 சதுர நீளத்தில் 7 இணைப்புகள். மொத்தம் ஒன்றேமுக்கால் அங்குலம் போய்விடும். ஒரு வரிசை நீளமாகவும் ஒரு வரிசை குட்டையாகவும் நிற்பதற்கு இதுதான் காரணம்.

ஒரு வரிசை தைத்ததும் பின்பக்கத் தையல் மடிப்புகளை ஒரே திசையில் சாய்த்து இஸ்திரி போடுங்கள். அடுத்த வரிசைக்கு எதிர்த்திசை. அப்போதுதான் இரண்டு வரிசைகளை இணைக்கும்போது மடிப்புகள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தி, மூலைகள் நேராக வரும். தினம் ஒரு வரிசை என்று வைத்துக்கொண்டால், எட்டு நாளில் வரிசைகள் எல்லாம் தயார்; ஒன்பதாம் நாள் அவற்றை ஒன்றாக இணைத்துவிடலாம்.

நம் ஊர் வெயிலுக்கு எந்தப் பஞ்சு?

வெளிநாட்டு முறைப்படி நடுவே தடிமனான பாலியஸ்டர் பஞ்சு வைத்தால், சென்னையில் அந்தப் போர்வையை யாரும் தொடமாட்டார்கள். மார்கழியிலும், ஏசி அறையிலும் இதமாக இருக்க, காந்தா தைப்பவர்களைப்போல் பழந்துணியே போதும். நைந்த பருத்தி வேட்டியோ புடவையோ ஒன்றோ இரண்டோ மடிப்பு.

அடித்துணிக்கும் பழைய பருத்திப் புடவைதான் சிறந்தது. மேல்துணியைவிட எல்லாப் பக்கமும் 2 அங்குலம் அதிகமாக இருக்கட்டும். புடவையின் அகலம் ஏறக்குறைய 45 அங்குலம் இருப்பதால் ஒட்டுப்போடாமலே சரியாக இருக்கும்.

அடித்துணியைச் சுருக்கமில்லாமல் தரையில் விரித்து, அதன்மேல் நடுத்துணி, அதன்மேல் மேல்துணி. மூன்றையும் நீள நீளமான தையல் போட்டு, தற்காலிகமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு நடுவில் தொடங்கி ஓரத்தை நோக்கி, ஒவ்வொரு சதுரத்தின் ஓரத்தையும் ஒட்டியபடி கையால் ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே போகவேண்டியதுதான். தையல் கொஞ்சம் கோணலாக இருந்தால் பரவாயில்லை. தொட்டுப் பார்ப்பவருக்கு அது கையால் தைத்தது என்று தெரியட்டுமே!

கடைசியாக, இரண்டரை அங்குல அகலப் பட்டைகளை இணைத்து, நான்கு ஓரமும் மடித்துத் தைக்க வேண்டும். சுற்றளவு 168 அங்குலம். மூலைகளில் திரும்பவும் முடிச்சு சேர்க்கவும் சேர்த்து 180 அங்குலம் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா புடவையில் கத்திரி வைப்பதா?

இதுவரை வந்ததெல்லாம் சுலபம். கொலுத் துணியை வெட்ட யாருக்கும் கை நடுங்காது. பீரோவின் கீழ்த்தட்டிலிருக்கும் அந்தக் கட்டை எடுக்கும்போதுதான் நடுங்கும்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 'கீஸ் பெண்ட்' என்றொரு கிராமம். ஆற்றின் வளைவில், அடிமைகளாக இருந்தவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் ஏழை ஊர். அங்கே மிசௌரி பெட்வே என்ற பெண், 1942-ல் தன் கணவர் இறந்தபோது, அவர் வயலில் உழைத்த காலத்துச் சட்டைகளையும் கால்சட்டைகளையும் எடுத்து, மகளையும் கூடவைத்துக்கொண்டு ஒரு போர்வையாகத் தைத்தார். கால்சட்டையின் முழங்கால் பகுதி வெளுத்திருந்தது. அதை அப்படியே சேர்த்தார். அவரை நினைத்துக்கொள்ளவும், அதைப் போர்த்திக்கொள்ளவும் என்று காரணம் சொன்னாராம். கீஸ் பெண்ட் பெண்கள் குளிருக்காகத் தைத்த இத்தகைய போர்வைகள், 2002-ல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் கலைப்படைப்புகளாக மாட்டப்பட்டன. 2006-ல் அமெரிக்க அரசு அவற்றைத் தபால்தலைகளாகவே வெளியிட்டது.

அந்தச் சட்டைகள் கட்டாகவே கிடந்திருந்தால் பூச்சி அரித்திருக்கும். வெட்டியதால்தான் மிஞ்சின.

நம் பீரோவிலும் அதேதான் நடக்கிறது. மடித்தே வைத்த பருத்திப் புடவை, மடிப்பிலேயே இற்றுக் கிழியும். 'பத்திரமாக' இருக்கட்டும் என்று வைத்ததை, பத்து வருடம் கழித்து எடுத்துப் பிரித்தால் கையோடு வரும்.

வெட்டுவதற்கு முன் இரண்டு விஷயங்கள். முதலாவது, கூடப்பிறந்தவர்களைக் கேட்டுவிடுங்கள். "அந்தப் பச்சைப் புடவையையா வெட்டினே?" என்று ஒரு தங்கை பின்னாளில் கண்கலங்கும்படி ஆகிவிடக் கூடாது. எந்தப் புடவையை முழுசாக வைத்துக்கொள்வது, எதை வெட்டுவது என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது, ஒரு கணக்கு. 5.5 மீட்டர் புடவையில், கரையை விட்டுவிட்டாலும் ஏறக்குறைய 200 சதுரங்கள் வரும். நான்கு பிள்ளைகள் இருக்கும் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். நாலு வீட்டுக்கும் ஆளுக்கொரு போர்வை. ஒவ்வொரு போர்வையின் 48 சதுரங்களில் 12 மட்டும் அம்மாவின் புடவையிலிருந்து. மற்றவை கொலுத் துணிகள். மொத்தம் தேவைப்படுவது 48 சதுரங்கள். புடவையில் ஒன்றரை மீட்டருக்கும் குறைவாகத்தான் செலவாகும். முந்தானையோடு நாலு மீட்டர் அப்படியே மடித்துப் பீரோவில் இருக்கும்!

ஒருத்தர் பீரோவில் பூட்டிவைத்திருந்த புடவை, இப்போது நாலு வீட்டிலும் இருக்கும். அடையாறில் இருக்கும் அக்காவுக்கும், அமெரிக்காவில் இருக்கும் தம்பிக்கும் அம்மா ஒரே அளவு.

வெட்டப்போகும் புடவையின் வலுவைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு கையாலும் பிடித்து லேசாக இழுங்கள். தாங்கினால் மேல்துணிக்கு வைக்கலாம். இழை விலகினாலோ கிழிந்தாலோ மேலே வேண்டாம். நாலு முறை துவைத்தால் அந்தச் சதுரம் மட்டும் பிய்ந்துபோகும்.

அதற்காக அதைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். இரண்டு துணிகளுக்கும் நடுவில் வையுங்கள். அம்மா அதிகம் கட்டியதால்தானே அந்தப் புடவை அவ்வளவு நைந்தது? உள்ளே இருப்பது வெளியே யாருக்கும் தெரியாது. ராத்திரி இழுத்துப் போர்த்திக்கொள்ளும்போது இதமாக இருப்பது அதனால்தான் என்பது தைத்தவருக்குத் தெரியும்.